இங்கன சத்தமே கிடையாது

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், நாய் ஒண்ணும் கிடையாது. மாடிய அப்புறமா பாப்போம், முதல்ல உக்காருங்க. ஆசுபத்திரியில ராத்திரி டூட்டி, பகல்ல தூங்கணும், அதனால சத்தமில்லாத வீடாப் பாக்குதேன்னு போன்ல சொன்னீங்கல்லா? சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. கொஞ்சம் பேசாம இருங்க. என்ன கேக்குது?

ஒண்ணும் கேக்கலல்லா. அதான். இங்கன சத்தமே கிடையாது. பைபாஸ் அங்கிட்டு ஒதுங்கிப் போயிருது. மில்லு கிடையாது, மார்க்கெட்டு கிடையாது. பால்காரன்கூட சைக்கிள்லதான் வாரான். இந்தக் காலனிய உண்டாக்குனதே நான்தான் தம்பி. பெருமைக்குச் சொல்லல. செயலாளர் ஆவுடையப்பன் வீடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் காட்டும். கூட்டுறவு சொசைட்டியில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா யாரும் என்னைய கிளார்க்குன்னு சொன்னதில்ல, செயலாளர் அண்ணாச்சின்னுதான் சொல்லுவாங்க. இந்தத் தெருவுல இருக்கிற அத்தன குடும்பத்தையும் ஒரு எடத்துல இருந்து பேர்த்து இங்கன கொண்டாந்து வச்சது இந்த ஆளு.

முன்னால நாங்க முத்தையா நகர்ல இருந்தோம். நீங்க ஊருக்குப் புதுசு, தெரியாது. விமான நிலையம் இருக்குல்லா, அதுல ரன்வே முடியுற எடத்துல ஒரு கம்பி வேலி. வேலிக்கு அங்கிட்டு அவங்க, இங்கிட்டு நாங்க. மனை போட்டு வித்தவன் அப்ப என்ன சொன்னான் தெரியுமா? "ஏர்போர்ட் வியூ"ன்னான். அந்தக் காலத்துல காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, பங்கா வச்ச சின்ன பிளேன் வரும். பிள்ளைங்க டாட்டா காட்டும். அவ்வளவுதான். நாங்களும் வாங்கிக் கட்டிட்டோம்.

கல்யாணம் ஆகி என் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குத்தான் குடி போனேன். அவளுக்குக் காது கேக்காது. பச்சப்பிள்ளையில காய்ச்சல் கண்டு போயிருச்சு. காது போனா பேச்சும் போயிரும்லா. ஆனா பேரு என்னன்னா பேச்சியம்மா. குலசாமி பேரு, வைக்கும்போது யாருக்குத் தெரியும்? பயலுவ கேலி பண்ணுவானுவ. நான் பேச்சி, பேச்சின்னுதான் கூப்பிடுவேன். அவளுக்குக் கேக்கவா போவுது, ஒரு பழக்கந்தான். சொந்தத்துல பொண்ணு, குணமான பொண்ணு. சொல்லுதேன் தம்பி, கட்டுன நாள்லருந்து எங்களுக்குள்ள ஒரு சண்ட கிடையாது. ஒரு வாக்குவாதம் கிடையாது. எத்தன ஆம்பள அப்படிச் சொல்ல முடியும்?

அவகிட்ட கையால பேசணும். எனக்குத் தேவையான அளவுக்குத் தெரியும். சோறு, தண்ணி, வா, போ, சட்ட எங்க, உடம்பு சரியில்லையா, இப்படி. எங்க மக வடிவுக்கு எல்லாம் தெரியும். சண்முகவடிவு. ஒரே பிள்ள. அவளும் அவ அம்மாவும் உக்காந்தா கை நாலும் பறக்கும். நான் ஈசிசேர்ல உக்காந்து பேப்பர் படிப்பேன். என்னத்தப் பேசுவாளுவளோ, பொம்பளப் பேச்சு.

புதுசுல ஒரு சின்ன சங்கடம் இருந்தது. அதையும் சொல்லிருதேன். என்னையக் கூப்பிடணும்னா பேச்சி தொண்டையில இருந்து ஒரு சத்தம் போடுவா. சின்னச் சத்தம் இல்ல. கன்னுக்குட்டி கத்துனாப்புல பெருசா வரும். அவளுக்கென்ன தெரியும், எவ்வளவு பெருசுன்னு. ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வந்திருந்தாங்க. காப்பி ஆயிருச்சுன்னு சொல்ல அந்தச் சத்தத்தப் போட்டா. வந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவங்க போனப்புறம் நான் அடிக்கல, வையல. வாயில வெரல வச்சுக் காட்டுனேன், அவ்வளவுதான். புத்திசாலி பாருங்க. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட வீட்டுல அவ சத்தம் கேட்டதில்ல. வேணும்னா வந்து தோளத் தொடுவா.

இந்த பிளேனு விசயத்துக்கு வாரேன். குடி போன புதுசுல ஒரு காலையில அவ பின்பக்கம் பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தா. பிளேன் தலைக்கு மேல வந்துருச்சு. கையில இருந்த குண்டாவப் போட்டுட்டா. அது உருண்டு போவுது. இவ நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்குதா. அப்புறம் சுவத்தத் தொட்டுப் பாக்குதா. தரையில உள்ளங்கைய வச்சுப் பாக்குதா. என்னையப் பாத்தா. கண்ணெல்லாம் தண்ணி. பாவம், பயந்துட்டான்னு நெனச்சு நான் போயி ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு கையக் காட்டுனேன். அவ சிரிக்குதா. பயத்துல சிரிப்பு வரும்லா சில பேருக்கு.

அதுலருந்து தெனமும் இதே கததான். பிளேனு வாரது நமக்குக் கேக்கதுக்கு முன்னால அவளுக்குத் தெரிஞ்சிரும். எப்படின்னு கேக்காதீங்க. அடுப்ப அமத்திட்டு வெளிய ஓடிருவா. செருப்பில்லாம மண்ணுல நிப்பா. காம்பவுண்டு சுவத்துல ஒரு கை, நெஞ்சுல ஒரு கை. தல நிமிந்திருக்கும், வாய் தெறந்திருக்கும். பிளேன் தாண்டிப் போனப்புறமும் கொஞ்ச நேரம் அப்படியே நிப்பா. அப்புறம் உள்ள வந்து விட்ட வேலயச் செய்வா. பயந்த ஆளு வீட்டுக்குள்ளதான ஓடணும்? இவ வெளிய ஓடுவா. அதத்தான் எனக்குப் புரிஞ்சுக்க முடியல. சரி, பழக்கம்னு விட்டுட்டேன்.

வடிவு பொறந்தப்புறம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுவா. பிள்ளையோட முதுகத் தன் நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டு அங்கன நிப்பா. நான் போயிப் பிள்ளை காதப் பொத்துவேன். அவ என் கையத் தட்டி விடுவா. அந்த ஒரு விசயத்துலதான் தட்டி விடுவா, வேற எதுலயும் கிடையாது.

காலம் போச்சு. வடிவு படிச்சா, விருதுநகர்ல கட்டிக் குடுத்தோம். அந்நேரத்துக்கு விமான நிலையம் பெருசாயிருச்சு. பங்கா பிளேன் போயி பெரிய ஜெட்டு வர ஆரம்பிச்சது. தம்பி, அந்தச் சத்தம் இருக்கே, பல்லு கூசும். சன்னல் கண்ணாடி நடுங்கும். சுவத்துல மயிரிழ மயிரிழயா வெடிப்பு. டிவியில செய்தி வாசிக்கிறவன் வாய் மட்டும் அசையும். தெருக்கோடியில ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம், பிளேன் வந்தா டீச்சர் பாடத்த நிறுத்திட்டு நிப்பாங்க. எதுத்த வீட்டு அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி வந்தது அதனாலதான்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். கோழிக்கறிக்கடைய மூடச் சொல்லிட்டாங்க, கழிவுக்குப் பருந்து வருது, பருந்து எஞ்சின்ல மாட்டும்னு. தென்ன மரத்தத் தலய வெட்டுனாங்க. மாடி எடுக்க அனுமதி கிடையாது. வாழ்க்கையா அது?

எங்க நகர் நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர், சங்கத்தக் கூட்டுனேன். எழுதுனேன். மனு மேல மனுவா எழுதுனேன் எழுதுனேன் அப்படி எழுதுனேன். கடைசியில விமான நிலைய விரிவாக்கத் திட்ட ஆபீஸ்ல இருந்து பூங்கோதைன்னு ஒரு அம்மா வந்தாங்க. சின்ன வயசு, ஆனா நல்ல அதிகாரி. கல்யாண மண்டபத்துல கூட்டம். சுவத்துல பெரிய மேப்ப ஒட்டி விளக்குனாங்க. விமானம் எறங்குற பாதைக்கு நேர் கீழ உள்ள பட்ட சிவப்பு. அதுல மனுசங்க குடியிருக்கிறது நல்லதில்ல. வெவசாயம் பண்ணலாம், குடோன் வைக்கலாம், சும்மா போட்டு வைக்கலாம். அதுக்குப் பக்கத்துல மஞ்சள். அங்க வீடு இருக்கலாம், ஆனா உயரக்கூடாது, பள்ளிக்கூடம் ஆசுபத்திரி கூடாது. அதுக்கும் வெளிய பச்ச. முத்தையா நகர் முழுக்கச் சிவப்புல கெடந்தது தம்பி. நான் எத்தன வருசமாச் சொன்னத அந்த மேப்பு ஒரே நிமிசத்துல சொல்லிருச்சு.

அந்தம்மா சொன்னாங்க, "உங்கள யாரும் வெரட்டல. ரன்வே நீளப்போவுது, விமானம் இன்னும் தாழ வரும். பெரும்பாலான குடும்பம் ஒத்துக்கிட்டா மனைக்கு மனை, வீட்டுக்கு வீடு வேற எடத்துல தருவோம். வேண்டாம்னா இருக்கிறபடி இருந்துக்கலாம். பழுது பாக்கலாம், பெருசாக் கட்ட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

பாதிப் பேருக்கு மனசில்ல. டெய்லர் மைதீன் பாய் எந்திரிச்சு, "நமக்குப் பழகிருச்சு அண்ணாச்சி. கடை கண்ணி எல்லாம் இங்கனதான இருக்கு. காதுல பஞ்ச வச்சிக்கிட்டா முடிஞ்சது"ன்னாரு. நான் மைக்க வாங்கிட்டேன். என்னமாப் பேசினேன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. தூக்கமில்லாத பிள்ளைங்க, பாடம் நடக்காத பள்ளிக்கூடம், நாளைக்கே ஒண்ணு கீழ விழுந்தா என்னாகும். பொம்பளைங்க கண்ணத் தொடச்சாங்க. மைதீன் பாய் உக்காந்துட்டாரு.

அப்ப அந்தப் பூங்கோதை மேடம் கேட்டாங்க, "சார், எல்லாருக்காகவும் பேசுதீங்க, சந்தோசம். உங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா?"

பேச்சி ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கா. வடிவு லீவுக்கு வந்திருந்தா, அம்மா பக்கத்துல உக்காந்து நடக்கிறதக் கையால சொல்லிக்கிட்டிருந்தா. நான் மைக்குலயே சொன்னேன், "என் வீட்டுலயா மேடம்? அவளுக்குக் காதே கேக்காது! இந்த நகர்லயே பிளேனால கஷ்டம் இல்லாத ஒரே ஆளு அவதான்!"

மண்டபமே சிரிச்சது தம்பி. அந்தம்மாவும் சிரிச்சிட்டாங்க, அப்புறம் கைய வாயில வச்சுக்கிட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பேச்சியப் பாத்துச் சிரிக்கிறாங்க. பேச்சிக்கு ஒண்ணும் தெரியல, அவளும் சிரிக்கா. நல்லா வாய் நெறையச் சிரிச்சா. வடிவோட சேலையப் பிடிச்சு இழுத்து, என்ன, என்னன்னு கேக்குதா. வடிவு சொல்லல. அவ மட்டும் சிரிக்கல. அவ எப்பவும் அப்படித்தான், சின்ன வயசுலருந்தே ஒரு உம்மணாமூஞ்சி.

மேடம், "இல்ல சார், அம்மாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருங்களேன்"ன்னாங்க. கேக்குதேன் மேடம்னேன். கேக்கவும் செஞ்சேன். வீட்டுக்கு வந்து உக்கார வச்சு விளக்கமாச் சொன்னேன். வீடு, இது இல்ல, வேற. புதுசு. சுவரு நல்லா இருக்கும். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் உள்ளங்கையத் தட்டையா வச்சு மேல கொண்டுபோனா. பிளேனுக்கு அதுதான் சைகை. அங்க பிளேன் உண்டான்னு கேக்குதா. நான் சந்தோசமா ரெண்டு கையையும் விரிச்சு, இல்ல, இல்லவே இல்லன்னு காட்டுனேன். அவ அப்படியே இருந்துட்டா. கை அந்தரத்துலயே நிக்குது. இவ்வளவு நல்ல சேதியத் தாங்க முடியல போலிருக்குன்னு நெனச்சேன். எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுனேன், போட்டா. நல்லா அழகா எழுதுவா.

வடிவு அடுக்களையில நின்னு, "அப்பா, அம்மாவுக்கு இந்த வீடுதான் பிடிச்சிருக்கு"ன்னா.

"அவளுக்கு எந்த வீடா இருந்தா என்னட்டி? எல்லா வீடும் ஒண்ணுதான்"ன்னேன்.

"அப்படின்னு அம்மா உங்ககிட்ட சொன்னாளா?"

"வேண்டாம்னும் சொல்லலியே"ன்னேன்.

சாமான் ஏத்துன அன்னைக்கு ஒரு கூத்து. டெம்போ வாசல்ல நிக்குது, எல்லாம் ஏத்தியாச்சு. பேச்சி வண்டியில ஏற மாட்டேங்குதா. பின்பக்கம் காம்பவுண்டு சுவத்துல கைய வச்சுக்கிட்டு நிக்குதா. மத்தியான பிளேனுக்கு நிக்குதான்னு தெரிஞ்சது. சரி, வந்து போகட்டும்னு இருந்தோம். அன்னைக்குன்னு பாத்து அது வரல. லேட்டோ, ரத்தோ. டிரைவர் மணியப் பாக்கான், ஆரன அடிக்கான். எவ்வளவு நேரம் தம்பி நிக்க முடியும்? நான் போயி கையப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். சுவத்துல இருந்து அந்தக் கைய எடுக்கதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. வண்டியில பின்பக்கமாப் பாத்து உக்காந்துக்கிட்டு வந்தா. பாதி வழியில வானத்துல அது தாழ எறங்குறது தெரிஞ்சது. நான் காட்டுனேன், பாரு, இப்பத்தான் போவுதுன்னு. அவ பாத்தா.

இங்க வந்தோம். அம்மாடி, முதல் நாள் நான் தூங்குன தூக்கம்! சொர்க்கம்தான். தெருவே வந்து எனக்கு மால போட்டாங்க. மைதீன் பாய்கூட, "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி"ன்னாரு.

பேச்சிக்குத்தான் என்னவோ பிடிக்கல. காலையில அந்த நேரமாச்சுன்னா அடுப்ப அமத்திட்டு வெளிய போயிருவா. புதுச் சுவத்துல கைய வச்சுக்கிட்டு நிப்பா. ஒண்ணும் வராது. வானத்தப் பாப்பா, சுவத்தப் பாப்பா. சுவருல என்னமோ கோளாறுங்கிற மாதிரி வேற எடத்துல கைய வைப்பா. ரொம்ப நேரங்கழிச்சு உள்ள வருவா. சோறு கொறஞ்சது. அப்புறம் ஒரு கிறுக்குப் பிடிச்சது. கிரைண்டர ஓட விட்டுட்டு அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. உள்ள அரிசி இருக்காது, உளுந்து இருக்காது, சும்மா கல்லு சுத்துது. ஒரு நாள் கருகுன வாட அடிச்சு ஓடிப் பாத்தா மோட்டார் போயிருச்சு. நான் கோவமாக் கையக் காட்டுனேன். அவ கிரைண்டர் மேல கன்னத்த வச்சுக்கிட்டு என்னையப் பாத்தா. அதுதான் தம்பி கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது எனக்கு.

டாக்டர்கிட்ட காட்டுனேன். சர்க்கரைன்னாரு, பிரஷருன்னாரு. எடம் மாறுனா வயசானவங்களுக்கு இப்படித்தான், சரியாயிரும்னாரு.

வடிவ வரச் சொன்னேன். வந்தா. அம்மாவும் மகளும் அந்த ரூம்ல ஒரு நாள் பூராவும் கையால பேசிக்கிட்டிருந்தாளுவ. சாயங்காலம் வெளிய வந்து என் எதுக்க உக்காந்தா.

"அப்பா, அம்மாவுக்கு அங்க கேட்டுச்சுப்பா."

"என்னத்த?"

"பிளேன. அவளுக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதான். காதுல இல்ல. கால்ல, கையில, நெஞ்சுல. அது வரும்போது அவளும் பாடுவா. உங்களுக்குத் தெரியாதா?"

"பாடுவாளா? யாரு, பேச்சியா?"

"நீங்க சத்தம் போடாதன்னு சொன்னீங்கல்லா. பிளேன் வரும்போது எல்லாரும் காதப் பொத்துறதப் பாத்திருக்கா. அப்ப அவ சத்தம் யாருக்கும் கேக்காதுன்னு அவளே கண்டுபிடிச்சா. அதுக்குத்தான் வெளிய ஓடுவா. அது தலைக்கு மேல போகுற வரைக்கும் பாடுவா."

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு தம்பி. இத்தன வருசம் கேக்காத காது அங்க மட்டும் கேட்டுதாம். ஆயிரக்கணக்கான ஜனம் எந்தச் சத்தம் வேண்டாம்னு மல்லுக்கட்டுதோ அது இவளுக்குப் பாட்டாம். "ஏட்டி, நீ படிச்ச பிள்ளதான?"ன்னு கேட்டேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநா எங்கிட்ட சொல்லாம அம்மாவ பஸ்ஸுல அங்க கூட்டிட்டுப் போயிருக்கா. எங்க வீடெல்லாம் இடிச்சு சமமாக்கி வேலி உள்ள போயிருச்சு. இப்ப வெறும் புல்லு. ரோட்டோரமா புதுசா ஒரு மதிலு. அது பக்கத்துல நிக்க வச்சிருக்கா. திரும்பி வந்து பேச்சி சோறு சாப்பிட்டா பாருங்க, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ராசாத்தி மாதிரி இருந்தா மூஞ்சி. சரி, ஒரு தரம் பாத்துட்டா, ஆச தீந்துருச்சுன்னு நெனச்சேன்.

வடிவு ஊருக்குப் போனப்புறம் இவ தனியாப் போக ஆரம்பிச்சிட்டா. பஸ் நம்பர் தெரியும், கண்டக்டர்கிட்ட தட்டையாக் கையக் காட்டிருவா. ஒரு நாள் மைதீன் பாய் மகன் போன்ல ஒரு வீடியோவக் காட்டுனான். எவனோ எடுத்து அனுப்பிருக்கான். மதில்ல கைய வச்சுக்கிட்டு, தல நிமிந்து, வாயத் தெறந்து என் பொண்டாட்டி நிக்குதா. மேல பிளேன் போவுது. சத்தம் முழுக்க அதோடதுதான், வேற ஒண்ணும் கேக்கல. கீழ என்னமோ எழுதி சிரிக்கிற பொம்மையெல்லாம் போட்டிருக்கான். செக்யூரிட்டி ஆள் ஒருத்தன் வந்து போ, போன்னு கம்ப ஆட்டுதான். அது காவல் எல்ல, அங்க ஆள் நிக்கக்கூடாது. சட்டந்தான அது? கூட்டத்துல அந்தச் சட்டத்த எடுத்துச் சொன்னதே நான்தான்.

என் நெலமைய யோசிச்சுப் பாருங்க. செயலாளர் பொண்டாட்டி. நான் என்ன செய்ய? வாசல் கேட்ட உள்பக்கமாப் பூட்டி சாவிய இடுப்புல வச்சுக்கிட்டேன். அவ நல்லதுக்குத்தான். ரோட்டுல லாரி வருது, ஆரன் அடிச்சா கேக்குமா அவளுக்கு? கேட்டுப் பக்கத்துல வந்து நின்னு பாப்பா. சண்ட போடல. நான்தான் சொன்னேன்லா, எங்களுக்குள்ள சண்டையே கிடையாது.

கொஞ்ச நாள்ல படுத்துட்டா. ஒரு பக்கம் கை கால் வரல. வடிவு வந்து இருந்து பாத்தா. "ஒரே ஒரு தரம் கார் வச்சுக் கூட்டிட்டுப் போவோம்ப்பா, கண்ணாடிய எறக்கி விட்டு ரோட்டோரமா நிப்பாட்டுவோம்"ன்னா. டாக்டர் அசைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. நான் டாக்டர் பேச்சத்தான கேக்கணும்? அமைதியா இருக்கட்டும்னேன். அமைதியாத்தான் போனா. அந்தா, அந்த ரூம்லதான். ஒரு முனகல் கிடையாது. காலையில காப்பி கொண்டு போனா முடிஞ்சிருந்தது. வலது கை மட்டும் சுவத்த ஒட்டி இருந்தது.

வருசத் தெவசம் இப்பத்தான் கழிஞ்சது. வடிவு வந்திருந்தா. எங்கிட்ட பேச்சு கம்மிதான் அவளுக்கு, வந்தா வேலயப் பாத்துட்டுப் போயிருவா. சாமி கும்பிட்டு, எலையெல்லாம் எடுத்தப்புறம் நான் சும்மா கேட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுக் கேக்கல. வீட்டுல வேற பேச்சு இல்லியேன்னுதான்.

"ஏட்டி, உங்கம்மா பாடுவான்னு சொன்னியே. எப்படி இருக்கும் அது?"

அவ வெளக்கமாத்தக் கீழ வச்சிட்டு என்னையப் பாத்தா. "எனக்கு என்னப்பா தெரியும்? நானும் கேட்டதில்ல."

"நீ பக்கத்துலயே நிப்பியே."

"அவ்வளவு சத்தத்துல எப்படிக் கேக்கும்? யாருக்கும் கேக்கக்கூடாதுன்னுதான அம்மா அப்பப் பாடுனா. யாருமே கேட்டதில்லப்பா. அவளும் கேட்டதில்ல."

பாத்தீங்களா, இதத்தான் நானும் சொல்லுதேன். அந்த வீடியோவையும் என் போன்ல வாங்கி வச்சு எத்தனையோ தரம் போட்டுப் பாத்துட்டேன். கடையில குடுத்து, பிளேன் சத்தத்தக் கொறச்சுத் தர முடியுமான்னுகூடக் கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டான். அப்புறம் அது பாட்டுன்னு எத வச்சுச் சொல்லுதா இவ? அத அவகிட்டயே கேட்டேன். கொஞ்சம் கோவமாவே கேட்டிருப்பேன் போல.

வடிவு என் பின்னால வந்து நின்னா. நான் இந்தா இப்ப நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். "சட்டையக் கழட்டுங்கப்பா"ன்னா. எதுக்குட்டின்னேன். "கழட்டுங்க. காதப் பொத்திக்கோங்க. நல்லா அழுத்தி." என்னமோ சொல்லுதாளேன்னு பொத்துனேன். அவ குனிஞ்சு அவ தொண்டைய, இங்கன, என் முதுகுல, கழுத்துக்குக் கீழ, ரெண்டு தோளுக்கும் நடுவுல வச்சு அழுத்துனா. மக வளந்தப்புறம் என்னையத் தொட்டதே கிடையாது தம்பி.

முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் முதுகெலும்புல ஒண்ணு ஆரம்பிச்சது. சத்தம்னு சொல்ல முடியாது. கீழ போவுது, கொஞ்சம் நிக்குது, திரும்ப மேல ஏறுது. அவசரமில்லாம. ஒரு எடத்துல ரெண்டா ஒடையுது, மறுபடி சேருது. சும்மா உளறுனா அப்படி இருக்காதுல்லா? ஒரு மொற இருந்தது அதுக்கு. மறுபடியும் அதே எடத்துக்கு வந்து அதே மாதிரி ஒடையுது. கைப்பிள்ளையா இருக்கும்போது அம்மா நெஞ்சுலருந்து முதுகுல வாங்குனத அப்படியே வச்சிருக்கா இவ. நெஞ்செலும்பு வரைக்கும் வந்திருச்சு எனக்கு.

போதும்னேன். காதப் பொத்தியிருந்ததால நான் சொன்னது எனக்கே சரியாக் கேக்கல. போதும் வடிவுன்னு இன்னொரு தரம் சொன்னேன். அவ நிப்பாட்டல.

அப்புறம் நானும் போதும்னு சொல்லல.